13,39,78,25,93,44,888: ஓர் எண்ணின் வரலாறு

மேலே தலைப்பிலுள்ளது பதினைந்து இலக்கங்களைக் கொண்ட ஒரு முழு எண். வாய்விட்டுப் படித்தால், ஒரு கோடியே முப்பத்து மூன்று லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து கோடியே, தொண்ணூற்று மூன்று லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு என வரும். பார்வைக்கு இதில் வியக்கத்தக்கது யாதொன்றும் இல்லை. இது பகா எண் அன்று. வர்க்க எண்ணும் அன்று. இறுதியில் மூன்று எட்டுகள் அடுத்தடுத்து நிற்பது தற்செயலே. ஆயினும், 1934ஆம் ஆண்டில் இவ்வெண் கணித உலகில் ஒரு தனிச் சிறப்பைப் பெற்றது. சீனிவாச இராமானுஜன் 1919ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அழகிய ஊகம், அவர் கூறிய வடிவத்தில் உண்மையன்று என்பதை இவ்வெண் எடுத்துக் காட்டிற்று. அதற்கு நுட்பமான தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. எண்ணை 7-ஆல் மூன்று முறை வகுத்துப் பார்த்ததே போதுமானதாயிற்று.

இவ்வெண் எதை எண்ணுகின்றது என்பதை முதலில் கூறுவோம். மாட்டுங்காச் சந்தையில் நான்கு தேங்காய்களைக் குவியல்களாக அடுக்க விரும்பும் ஒரு வியாபாரியை எண்ணிக்கொள்க. நான்கையும் ஒரே குவியலாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக வைக்கலாம். இரண்டு, ஒன்று, ஒன்று என வைக்கலாம். நான்கையும் தனித்தனியே பரப்பிவிடலாம். ஆக, வழிகள் ஐந்து. எந்தக் குவியல் இடப்புறம், எந்தக் குவியல் வலப்புறம் என்பது இங்கே பொருட்டன்று. இவ்வாறு ஒரு முழு எண்ணைச் சிறிய முழு எண்களின் கூட்டலாகப் பிரிக்கும் ஒவ்வொரு வழியையும் ஒரு கூறீடு என்றும், அவ்வழிகளின் மொத்தத் தொகையை அவ்வெண்ணின் கூறீட்டெண் என்றும் இக்கட்டுரையில் வழங்குகிறோம். 4-இன் கூறீட்டெண் 5 ஆகும்.

கலைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்கள் சிலவற்றில் இதனைப் ‘பிரிவினை’ என்று எழுதுவதுண்டு. அதில் பிழை இல்லை. ஆனால் இவ்வரலாற்றில் வருவோருள் இருவர் பஞ்சாபைச் சேர்ந்த கணித ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவர் 1947-இல் லாகூரை விட்டு வெளியேற நேர்ந்தவர். அவர்களைப் பற்றிய கட்டுரையில் அச்சொல்லை வேறொரு பொருளில் திரும்பத் திரும்ப எழுத இம்மொழிபெயர்ப்பாளனின் கை வரவில்லை.

கூறீட்டெண்கள் முதலில் மெல்ல வளர்கின்றன, பின்னர் விரைகின்றன. 10-இன் கூறீட்டெண் 42 தான். 50-க்கு அது 2,04,226 ஆகிறது, 100-க்கு 19,05,69,292. 200-க்கு 39,72,99,90,29,388. நம் தலைப்பிலுள்ள எண் 243-இன் கூறீட்டெண்ணாகும். 243 தேங்காய்களைக் குவிக்கும் வழிகளை நொடிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போனால், எழுதி முடிக்கச் சுமார் 42 லட்சம் ஆண்டுகள் செல்லும். எனவே, எல்லா வழிகளையும் எழுதி எண்ணிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னர் இத்தொகையை எவ்வாறு அறிந்தனர்?

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆய்லர் என்ற பேரறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்ற வரிசையை நோக்குக. அடுத்தடுத்த எண்களுக்கிடையேயுள்ள வேறுபாடுகள் 1, 3, 2, 5, 3, 7, 4 என அமைகின்றன. அவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் ஒருபுறம் 1, 2, 3, 4 என்ற இயல் எண்களும், மறுபுறம் 3, 5, 7 என்ற ஒற்றை எண்களும் வருவதைக் காணலாம். ஆகவே வரிசையை வேண்டுமளவு நீட்டிக்கொள்ளலாம். ஓர் எண்ணின் கூறீட்டெண் வேண்டுமாயின், அவ்வெண்ணிலிருந்து இவ்வரிசை எண்களை ஒவ்வொன்றாகக் கழித்து, கிடைக்கும் எண்களின் கூறீட்டெண்களை முன்னரே எழுதிய அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் முதல் இரண்டைக் கூட்டவேண்டும், அடுத்த இரண்டைக் கழிக்கவேண்டும், அதற்கடுத்த இரண்டைக் கூட்டவேண்டும், இவ்வாறே மாறிமாறிச் செல்லவேண்டும். உதாரணமாக, 12-க்கு 11, 10, 7, 5, 0 ஆகியவற்றின் கூறீட்டெண்கள் தேவை. அவை முறையே 56, 42, 15, 7, 1. (சுழியின் கூறீட்டெண் 1 எனக் கொள்வது மரபு.) 56-உம் 42-உம் கூட்டி, 15-உம் 7-உம் கழித்து, 1 கூட்டினால் 77. அதுவே 12-இன் கூறீட்டெண்.

எளிய வழிதான், ஆனால் இரக்கமற்ற வழி. 243-க்கு இம்முறையில் 24 முந்திய மதிப்புகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் அதற்கு முந்தியவற்றிலிருந்து வந்தவை. இடையில் ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிழைபட்டால், அப்பிழை அதற்குப் பின் வரும் வரிகளில் பரவிக்கொண்டே செல்லும். மழைமானிக் குறிப்பேட்டில் ஒரு நாளின் பதிவு தவறினால் அந்த மாதத்தின் கூட்டுத்தொகை மட்டுமே கெடும். இங்கோ ஒரு வரி தவறினால் பிந்திய பக்கங்கள் எல்லாவற்றையும் ஐயுற வேண்டியதே.

மேஜர் மக்மஹோன் என்பவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் பணிபுரிந்து, பின்னர் கணித ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். அவர் இம்முறையால் 1 முதல் 200 வரையுள்ள எண்களின் கூறீட்டெண்களைக் கணக்கிட்டு ஓர் அட்டவணை செய்தார். ஹார்டியும் இராமானுஜனும் கூறீட்டெண்களுக்கு ஒரு புதிய வாய்பாட்டைக் கண்டு 1918-இல் வெளியிட்டபோது, அவ்வட்டவணையும் அதனுடன் அச்சேறிற்று. வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது 200-க்குக் கிடைத்த விடை, மக்மஹோன் கையால் கணக்கிட்டிருந்த பதின்மூன்று இலக்க எண்ணிலிருந்து ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே வேறுபட்டது. வாய்பாட்டுக்கு அட்டவணை சான்றாயிற்று. அட்டவணைக்கு வாய்பாடு சான்றாயிற்று.

மற்றவர்கள் அவ்வட்டவணையைச் சரிபார்க்கும் கருவியாகக் கொண்டனர். இராமானுஜனோ அதனைப் படித்தார். 4, 9, 14, 19, 24 என்று ஐந்தைந்தாக இறங்கிச் சென்றால் கூறீட்டெண்கள் 5, 30, 135, 490, 1575 என வருகின்றன. யாவும் 5-ஆல் வகுபடுவன. 5, 12, 19, 26 என்று ஏழேழாக இறங்கினால் 7, 77, 490, 2436. யாவும் 7-ஆல் வகுபடுவன. 6, 17, 28 என்று பதினொன்று பதினொன்றாக இறங்கினால் 11, 297, 3718. யாவும் 11-ஆல் வகுபடுவன. கூட்டலால் மட்டுமே பிறந்த எண்களில் இத்தகைய வகுத்தல் ஒழுங்கு ஏன் தோன்ற வேண்டும் என்பதற்கு வெளிப்படையான காரணம் ஏதுமில்லை. 5-க்கும் 7-க்கும் உரிய நிரூபணங்களை இராமானுஜனே 1919-இல் வெளியிட்டார். 11-க்குரியது, அவர் 1920 ஏப்ரலில் மறைந்த பின்னர், அவருடைய கையெழுத்துப் பிரதியிலிருந்து ஹார்டியால் தொகுக்கப்பட்டு 1921-இல் வெளிவந்தது.

ஆனால் இராமானுஜன் அங்கே நிற்கவில்லை. 5-க்குப் பதிலாக 25, 125 என்றும், 7-க்குப் பதிலாக 49, 343 என்றும், 11-க்குப் பதிலாக 121, 1331 என்றும் அடுக்குகளை எடுத்துக்கொண்டு ஒரு பொதுவிதியை ஊகித்தார். அதனைக் குறியீடின்றி இவ்வாறு கூறலாம்: ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி 1 கழிக்க. வரும் விடை 5, 7, 11 ஆகியவற்றின் எந்த அடுக்கால் வகுபடுகின்றதோ, அந்த அடுக்கால் அவ்வெண்ணின் கூறீட்டெண்ணும் வகுபடும். சோதித்துப் பார்ப்போம். 24-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 575. அது 25-ஆல் வகுபடும். 24-இன் கூறீட்டெண் 1575; அதுவும் 25-ஆல் வகுபடும். 47-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 1127. அது 49-ஆல் வகுபடும். 47-இன் கூறீட்டெண் 1,24,754; அது 49-ஐ 2546-ஆல் பெருக்கியதற்குச் சரி. 99-க்கு 2375, அது 125-ஆல் வகுபடும். 99-இன் கூறீட்டெண் 16,92,29,875. அதுவும் 125-ஆல் வகுபடும். அட்டவணையில் எங்குத் தொட்டாலும் விதி பொருந்திற்று. இராமானுஜன் இதனை நிரூபணமாகக் கூறவில்லை, கையிலுள்ள சான்றுகள் எல்லாம் ஆதரிக்கும் ஊகமாகவே கூறினார் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

‘கையிலுள்ள சான்றுகள் எல்லாம்’ என்றால் எவ்வளவு? களத்தில் தகவல் திரட்டும் அன்பர்கள் இயல்பாகக் கேட்கும் கேள்வி இது. 200 வரை உள்ள அட்டவணையில் 25-க்குரிய இடங்கள் எட்டு. 49-க்குரியவை நான்கு: 47, 96, 145, 194. 121-க்கு ஒன்றே ஒன்று: 116. மூன்றாம் அடுக்குகளுக்கு வந்தால், 125-க்கு 99 என்ற ஓரிடம் மட்டும். 7-இன் மூன்றாம் அடுக்காகிய 343-க்கு 200-க்குள் ஓரிடமும் இல்லை. அதன் முதல் இடம் 243. (243-ஐ 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் 5831, அது 343-ஐப் போல் சரியாக 17 மடங்கு.) 11-இன் மூன்றாம் அடுக்குக்கோ முதல் இடம் 721. எனவே, ‘எல்லாச் சான்றுகளும்’ என்றது மெய்யே. ஆனால் 7-இன் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தவரை அச்சான்றுகள் ஒன்றுமே கூறவில்லை. அட்டவணை 43 வரிகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது.

அவ்வட்டவணையை மேலும் நீட்டும் வேலையை மேற்கொண்டவர் ஹன்ஸ்ராஜ் குப்தா. 1902-இல் ராவல்பிண்டியில் பிறந்து, பஞ்சாபின் ஹோஷியார்பூரில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர். 201 முதல் 300 வரை அவர் கணக்கிட்ட கூறீட்டெண்கள் 1935-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தன. இரண்டாண்டுகளில் அதனை 600 வரை நீட்டினார். புகழ் தேடி வராத வேலை இது. ஒரு தேற்றத்தைக் கண்டவரின் பெயர் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். அட்டவணையின் 243ஆம் வரியைக் கணக்கிட்டவரின் பெயரை எவரும் நினைவில் வைப்பதில்லை.

அவ்வரியைக் கண்டு அதன் பொருளை உணர்ந்தவர் சர்வதமன் சௌலா. கேம்பிரிட்ஜில் லிட்டில்வுட்டிடம் ஆராய்ச்சி செய்து தாயகம் திரும்பியிருந்த இளைஞர். பின்னர் 1947 வரை லாகூர் அரசினர் கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர். குப்தாவின் அட்டவணையைக் கொண்டு 1934-இல் அவர் எழுதிய குறிப்பு மிகச் சிறியது. அது கூறியதை நாமே இப்போது கரும்பலகையில் செய்து பார்க்கலாம். தாராவியிலோ செம்பூரிலோ தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஏழாம் வகுப்பிலேயே இதனைச் செய்து காட்ட இயலும்.

1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். ஆகையால், ஒரு பெரிய எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அக்கூறுகளை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் வரும் விடை 7-ஆல் வகுபட்டால், முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். நம் எண்ணின் கூறுகள் வலமிருந்து 888, 344, 259, 978, 133. 888-லிருந்து 344-ஐக் கழித்து, 259-ஐக் கூட்டி, 978-ஐக் கழித்து, 133-ஐக் கூட்டினால் கிடைப்பது 42. ஆனால் கழித்தல் குறியுடன். 42 ஏழால் வகுபடும். ஆகவே எண்ணும் வகுபடும். வகுத்தால் ஈவு 19139751334984. இதன் கூறுகள் 984, 334, 751, 139, 19. மேற்கூறியபடி செய்தால் 1281. அது 7-ஐப் போல் 183 மடங்கு. மீண்டும் வகுபடும். ஈவு 2734250190712. இதன் கூறுகள் 712, 190, 250, 734, 2. இம்முறை விடை 40. ஏழால் வகுத்தால் 5 மீதி.

அந்த ஐந்துதான் செய்தி. 243-இன் கூறீட்டெண் 49-ஆல் வகுபடுகின்றது; 343-ஆல் வகுபடவில்லை. ஊகத்தின்படி அது வகுபட்டிருக்க வேண்டும்.

குப்தாவின் கணக்கில் பிழை இருந்திருக்கலாகாதா என்று மாணவன் ஒருவன் கேட்டால், அவனைப் பாராட்டவேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதுவே. விடையின் ஒரு பகுதி மேலேயே இருக்கின்றது. 24-ஆல் பெருக்கி 1 கழிக்கும் சோதனையின்படி 243 என்பது 49-க்கும் உரிய இடம். 49-க்குரிய விதியோ ஊகமன்று, நிரூபிக்கப்பட்டது. எனவே சரியான கூறீட்டெண் 49-ஆல் வகுபட்டே தீர வேண்டும். கணக்கில் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருந்தால், தவறான எண் தற்செயலாக 49-ஆல் வகுபடும் வாய்ப்பு ஏறக்குறைய நாற்பத்தொன்பதில் ஒன்று. குப்தாவின் எண் அச்சோதனையில் தேறியது. தன்மீதே ஒரு முத்திரையைத் தாங்கி வந்த சாட்சி அது. பின்னர் வந்த கணக்கீடுகளும் அதனை உறுதிப்படுத்தியுள்ளன. இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறி இதே எண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடும்.

ஊகம் வீழ்ந்ததா? முழுவதும் வீழ்ந்தது என்று சொல்வது நியாயமாகாது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. அமெரிக்க அறிஞர் லெஹ்மர் 1936-இல் 599, 721 ஆகிய இடங்களைச் சோதித்தார்; 5-இன் நான்காம் அடுக்குக்கும் 11-இன் மூன்றாம் அடுக்குக்கும் இராமானுஜன் கூறியது பொருந்திற்று. 1938-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாட்சன், 5-இன் எல்லா அடுக்குகளுக்கும் விதியை நிரூபித்தார். 7-க்கு உண்மையான விதி என்ன என்பதையும் அவரே கண்டு நிரூபித்தார். அது சற்றே தளர்ந்த விதி. முதல் அடுக்குக்கு உரிய இடத்தில் 7; இரண்டாவதற்கு 49; மூன்றாவதற்கும் 49 தான்; நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் 343. அதாவது, அடுக்கு எண்ணைப் பாதியாக்கி, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 243-இல் கண்ட ஐந்து மீதி ஒரு விபத்து அன்று, புதிய விதி எதிர்பார்ப்பதே. 11-இன் அடுக்குகள் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. ஆட்கின் என்பவர் 1967-இல் அவற்றை நிரூபித்தார். அங்கே இராமானுஜன் கூறியது எழுத்துக்கு எழுத்து சரி. ஆக, மூன்று பகா எண்களுள் இரண்டில் ஊகம் நின்றது. மூன்றாவதில் திருத்தத்துடன் நின்றது.

நம் மும்பைக்கும் இராமானுஜனின் எழுத்துகளுக்கும் உள்ள தொடர்பு இங்கே நினைவுகூரத்தக்கது. அவருடைய குறிப்பேடுகளை அவர் கையெழுத்திலேயே படம்பிடித்து இரண்டு தொகுதிகளாக 1957-இல் வெளியிட்டது, அந்நாளில் பம்பாய் எனப்பட்ட இந்நகரிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமே. ஆனால், கூறீட்டெண்களைப் பற்றி அவர் தம் இறுதிக் காலத்தில் எழுதிய நீண்ட கையெழுத்துப் பிரதி அத்தொகுதிகளில் இல்லை. அது 1988-இல் புதுதில்லியில் வெளியான மற்றொரு நூலில்தான் முதன்முறையாகப் பலர் பார்வைக்கு வந்தது. 5-இன் அடுக்குகளுக்கு வாட்சன் பின்னர் நிரூபித்ததன் சாரம் அப்பிரதியில் இருப்பதைக் கண்டு அறிஞர்கள் வியந்தனர். நோயுற்ற நிலையில், முப்பத்திரண்டு வயதில் முடிந்த வாழ்வு. 7-க்குரிய நிரூபணத்தையும் கடைசிவரை எழுதிப் பார்க்க அவகாசம் கிடைத்திருந்தால், திருத்தத்தை அவரே செய்திருப்பார் என்று எண்ண இடமுண்டு.

குப்தாவின் அட்டவணை வேலை 600-உடன் நின்றுவிடவில்லை. க்வைதர், மில்லர் ஆகியோருடன் சேர்ந்து அவர் தயாரித்த கூறீட்டெண் அட்டவணை நூலை லண்டன் ராயல் சங்கம் 1958-இல் வெளியிட்டது.

இதனை வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. 243 வரை செல்ல வேண்டியதில்லை. ஆய்லரின் வழியைக் கற்பித்து, 1 முதல் 24 வரை கூறீட்டெண்களை மாணவர்களே எழுதட்டும். இரண்டு பாடவேளைகள் போதும். 9-க்கு 30, 14-க்கு 135, 19-க்கு 490, 24-க்கு 1575 வந்தால் கணக்கு சரி. ஒருவன் ஏட்டில் 14-க்கு வந்த எண் 5-ஆல் வகுபடவில்லையெனில், 9-க்கும் 14-க்கும் இடைப்பட்ட வரிகளில் எங்கோ கூட்டல் தவறியிருக்கலாம். விடையைச் சொல்லிவிடாமல், அவனையே பின்னோக்கிச் சென்று தேடச் சொல்லலாம்.